வீடு தேடி மாத்திரை வருது... அதுக்கு முன்னாடியே உடல் பருமனை தடுப்பது எப்படி?

தர்மபுரி:

"காட்டு வேலை செய்யுற ஊருக்கு தொப்பை எங்கிருந்து வரும்?" என்று தர்மபுரி பக்கம் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த காலம் மலையேறி விட்டது.

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ளவர்களில் 100 பெண்களுக்கு 40 பேரும், 100 ஆண்களுக்கு 37 பேரும் அதிக எடையுடன் இருக்கிறார்கள். 2015-16 ஆய்வில் இது 31, 28 என்றுதான் இருந்தது.

ஏன் இப்படி?

அன்று காலையில் களி தின்றுவிட்டு காட்டுக்கு போனால், பொழுது சாயும் வரை மண்வெட்டி கையை விட்டு இறங்காது. தின்றது அங்கேயே கரைந்தது. இன்று தெருமுனை கடைக்கு கூட மொபட். 3 வேளையும் அரிசி, டீக்கு 2 போண்டா. குழந்தை அழுதால் கையில் சிப்ஸ் பாக்கெட்டும் செல்போனும் கொடுத்து விடுகிறோம்.

300 மில்லி கோலா பாட்டிலில் மட்டும் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாசலுக்கே வர்றாங்க

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி என பல நோய்களுக்கு உடல் பருமன் வழி திறந்து விடுகிறது. இவற்றில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கே மருந்து கொண்டு வரும் 'மக்களை தேடி மருத்துவம்' திட்டம், 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. 2004 வரை நம்ம தர்மபுரி மாவட்டத்தோடு இருந்த பகுதி அது.

வரும் பெண் தன்னார்வலரிடம் மாத்திரையை மட்டும் வாங்கி வைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை எப்போது, எங்கே என்று கேளுங்கள். தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டி மீட்டரையும் (35½ அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டி மீட்டரையும் (31½ அங்குலம்) தாண்டினால் உஷாராக வேண்டும்.

இந்த கணக்கு குழந்தைகளுக்கு பொருந்தாது. வயதுக்கு ஏற்ற எடை, உயரம் பார்க்க அங்கன்வாடியும், பள்ளிக்கு வரும் மருத்துவ குழுவும் இருக்கிறது. "குண்டு பையன்" என்று கேலி செய்வதை முதலில் நிறுத்த வேண்டும்.

ரேஷனில் கேழ்வரகு

தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023-ல் தொடங்கப்பட்டது. அதில் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் பசிக்காது. அதற்காக உட்கார்ந்த இடத்தில் 3 உருண்டை களி தின்றால் அதுவும் எடைதான். ஒரு உருண்டையோடு கீரை கடைசல், காய் நிறைய வேண்டும்.

50 மீட்டர் சட்டம்

பள்ளி கேட்டில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகம் உள்ள தின்பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-ல் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டு வந்தது. உங்க ஊர் பள்ளி முன்னால் ஒரு தடவை நின்று பாருங்கள். பெற்றோர், பள்ளி மேலாண்மை குழு, ஊராட்சி சேர்ந்து கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர் வரும். கடைக்காரரை விரட்ட வேண்டாம். வேகவைத்த கடலை, கொய்யா, நெல்லிக்காய் விற்கச் சொல்லலாம்.

நடங்க... ஓட விடுங்க

2023 நவம்பர் 4-ந் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோ மீட்டர் நடைபாதை தொடங்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஏரிக்கரையில் தினமும் அரை மணி நேரம், வாரம் 5 நாள் வேகமாக நடந்தால் போதும். பிள்ளைகளுக்கு தினம் 1 மணி நேரம் ஓட்டம், விளையாட்டு தேவை. பி.டி. பீரியடை கணக்கு பாடத்துக்கு எடுத்துக்கொண்டால், பெற்றோர் போய் கேட்க வேண்டும்.

வந்த நோய்க்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் நோய் வராமல் தடுப்பது ஊர் கையில்தான் இருக்கிறது.