கிளட்ச் இல்லாத காரை கயிறு கட்டி இழுத்தார்கள்: ரூ.1½ லட்சம் தண்டம்!

சென்னை,

கால் வலிக்குப் பயந்து கிளட்ச் இல்லாத கார் வாங்கினார் என் மாமா. கடைசியில் வலித்தது பர்ஸ்!

மாமாவுக்கு அண்ணாசாலையில் குமாஸ்தா வேலை. வீடு வேளச்சேரி. மாலை 6 மணிக்குக் கிளம்பினால் சைதாப்பேட்டை, கிண்டி என்று கார் ஊர்ந்துதான் வரும். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியது. "ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிடுங்க" என்றார் டாக்டர். செகண்ட் ஹேண்டில் ஒரு சி.வி.டி. கார் வாங்கினார். சின்னக் கார். நாலு பேர் குடும்பத்துக்குப் போதும்.

வந்தது புயல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் வெள்ளம். வாசலில் நின்ற கார் தண்ணீரில் மாட்டியது. வடிந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை.

தெருப் பையன்கள் உதவிக்கு வந்தார்கள். ஒரு வேனின் பின்னால் கயிறு கட்டி அம்பத்தூர் ஒர்க்‌ஷாப் வரை இழுத்தே போய்விட்டார்கள். வேன்காரருக்கு டீ, டிபன், 500 ரூபாய். மாமாவுக்கு ஏக சந்தோஷம்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியே, "எப்படிண்ணே கொண்டாந்தீங்க?"

"நியூட்ரல்ல போட்டு இழுத்துட்டு வந்தோம்பா."

மெக்கானிக் தலையில் அடித்துக் கொண்டார். எஞ்சினைக் காயவைத்து ஓடவிட்டார்கள். அது பிழைத்துவிட்டது. ஆனால் வண்டி நகரும்போது கீழே "ஊ...ங்" என்று ஓலம். கியர் பெட்டி போச்சு! மாற்றிய செலவு ரூ.1½ லட்சம்.

ஸ்கூட்டரில் இருப்பதுதான்!

அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது? 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதுசு அல்ல. இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் அதே சங்கதிதான்.

பல்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு புல்லிகள். நடுவே ஒரு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கே இல்லை. வேகம் வழுக்கிக்கொண்டே கூடும். மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம்தான் வரும், பிறகுதான் வேகம். அது கோளாறு அல்ல, இதன் சுபாவம்.

ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட். காரில் இரும்பு. நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோர்த்திருப்பார்கள். தட்டுகள் இதை இறுக்கிப் பிடிக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும்.

மாமாவின் காரில் எஞ்சின் ஓடவில்லை. முன் சக்கரங்கள் மட்டும் தரையில் உருண்டு உருண்டு பெல்ட்டை வறட்டுத்தனமாகச் சுற்றிவிட்டன. இரும்போடு இரும்பு உரசினால் என்ன ஆகும்?

பின்னாலும் பாயும்!

இதைக் காருக்குக் கொண்டுவந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஹூப் வான் டோர்ன் என்பவரின் டாஃப் கம்பெனி 1958-ல் ரப்பர் பெல்ட் வைத்துச் சின்னக் கார் விட்டது. முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும்! அதற்காகவே அந்த ஊரில் பின்னோக்கி ஓட்டும் பந்தயம் வைத்துக் கூத்தடித்தார்கள். 1987-ல் சுபாரு ஜஸ்டி என்ற ஜப்பான் கார் இரும்பு பெல்ட்டோடு வந்தது. 2020-ல் நம்ம ஒரகடத்தில் தயாரித்த நிசான் மேக்னைட்டிலும் சி.வி.டி. ரகம் உண்டு.

மாமாவின் கார் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கயிறு விஷயத்தை அவர்கள் கையேட்டில் எச்சரித்துத்தான் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது கையேட்டை யார் கேட்டு வாங்குகிறார்கள்?

"முன் சக்கரத்தைத் தூக்கி வெச்சு இழுக்கணும், இல்லேன்னா முழுசா லாரி மேல ஏத்தணும். கண்ட ஆயிலையும் ஊத்தாதீங்க, இதுக்குன்னு தனி ஆயில் இருக்கு. வாங்கும்போது ஓட்டிப் பாருங்க, ஊளைச் சத்தமோ உதறலோ இருந்தா விட்டுடுங்க" என்றார் மெக்கானிக்.

மாமா அந்தக் காரை விற்கவில்லை. முழங்கால் தேவலை என்கிறார். டிக்கியில் இருந்த கயிறு இப்போது மொட்டை மாடியில் துணி காய்கிறது. மீட்பு லாரிக்காரர் செல் நம்பரை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.