தெளிந்த பிளாஸ்டிக்கில் மஞ்சளை அளப்பது எப்படி?

பளபளவென்று இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு நிறம் ஏது, அதை அளக்க ஒரு லேப் எதற்கு என்று எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பதிலுக்கு ஒரு ப்ரீஃபார்மை நீட்டுவேன். ஊதிப் பாட்டிலாக்குவதற்கு முன் சோதனைக்குழாய் வடிவில் இருக்கும் பெட் பிளாஸ்டிக் அது. பக்கவாட்டில் பார்த்தால் குறையே தெரியாது. வாய்விளிம்பை நேராகப் பார்த்தால் லேசாக மஞ்சள் தட்டும்.

பெட் சிப்ஸை 160, 170 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் காயவைத்து, 280 டிகிரி அளவில் உருக்குகிறோம். சூடோ நேரமோ மிஞ்சினால் பாலிமர் சிதைந்து மஞ்சளிக்கும்.

பெயின்ட் என்றால் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்தால் போதும். இங்கே ஊடுருவி வரும் ஒளிதான் கணக்கு. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் முதலில் எதையும் வைக்காமல், வெறும் காற்றை 100 சதவீதம் என்று பதிய வைப்பேன். பிறகு சாம்பிள். 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி தாண்டி வருகிறது என்று கருவி சொல்லும். நீலப் பக்கம் மட்டும் சரிந்தால் மஞ்சள் என்று அர்த்தம். 1976-இல் வந்த சிஐஇ முறையில் இதை 'பி' மதிப்பாக எழுதுகிறோம்: கூட்டல் குறி மஞ்சளுக்கு, கழித்தல் குறி நீலத்துக்கு.

எந்தத் தடிமனில் அளந்தது என்று சொல்லாத 'பி' மதிப்பால் பயனில்லை. 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தன்னுள் நுழைந்த நீல ஒளியில் 90 சதவீதத்தை விட்டால், 2 மில்லிமீட்டர் 81 சதவீதத்தைத்தான் விடும்; 4 மில்லிமீட்டரில் அது 66-க்கு வந்துவிடும். ப்ரீஃபார்மில் தெரிகிற மஞ்சள், மெல்லிய பாட்டிலில் கண்ணுக்கே படாமல் போவது இதனால்தான்.

பிளாஸ்டிக் கலங்கலாக இருந்தால் ஒளி சிதறும். 2.5 டிகிரிக்கு மேல் விலகிப் போவதை 'ஹேஸ்' என்று ஏஎஸ்டிஎம் டி1003 தரநிலை தனியாகக் கணக்கிடுகிறது. சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்க, சாம்பிளை உட்புறம் வெள்ளை பூசிய கோளத்தின் வாயில் ஒட்டி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் சிதறியது தப்பிவிடும், கலங்கலை நிறமென்று கருவி காட்டும்.

மஞ்சளை மறைக்கக் குறுக்குவழியும் உண்டு. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதுபோல, ரெசினில் துளி நீல டோனர் சேர்ப்பார்கள். 'பி' இறங்கும், கூடவே வெளிச்சத்தைக் குறிக்கும் 'எல்' மதிப்பும் இறங்கி, பாட்டில் சாம்பல் பூக்கும். எனவே சரக்கு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: 'பி' மட்டும் குறைவாக இருக்கிறதென்று கையெழுத்துப் போடாதீர்கள். 'எல்', ஹேஸ், அளந்த தடிமன் மூன்றையும் அதே தாளில் கேட்டு வாங்குங்கள்.