விண்ணப்பத்தின் முதற்பக்கம்

தான் சாய் யான் என்பவர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாளிலிருந்து, மலாக்காத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் மக்களுக்கும் துரைக்கும் இடையே எழுத்து என்று ஏதேனும் நடமாடியிருக்குமானால், அது பெரும்பாலும் கிராணியார் எழுதிக்கொடுத்த மனுவாகவே இருந்திருக்கும். குடும்பக் கஷ்டத்தை விவரிப்பதும் கருணையை யாசிப்பதுமே அதன் இலக்கணம். அந்த இலக்கணம் நம் பிள்ளைகளின் பேனாவை இன்னும் விட்டபாடில்லை என்பதே என் விசனம்.

பத்து பெரண்டாமில் 1970களில் தோன்றிய சுதந்திர வர்த்தக வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றுக்கு, ஜாசின் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் தொழில்நுட்பர் வேலை கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன்; தயவுகூர்ந்து வேலை கொடுத்தால் விசுவாசமாக உழைப்பேன்’ என்று சுயவிவரத்தோடு ஒரு கடிதத்தை இணைக்கிறார். படிக்கும் நிர்வாகிக்கு இரக்கம் பிறக்கலாம். ஆயினும் நின்றுபோன இயந்திரத்தை இவரால் ஓட்டிவைக்க முடியுமா என்ற அவருடைய சந்தேகம் தீரவில்லை. அந்த இளைஞரோ, செம்பனைத் தோட்டப் பட்டறையில் இரண்டாண்டு காலம் டிராக்டர் பழுதுபார்த்தவர்! தோட்டத்து வேலையைச் சொன்னால் கௌரவம் குறையும் என்றெண்ணி, தம் யோக்கியதைக்குப் பிரத்தியட்சமான சாட்சியத்தைத் தாமே மறைத்துவிடுகிறார். ‘தோட்டப் பட்டறையில் இரண்டாண்டுகள், டிராக்டர்களின் ஹைட்ராலிக் கோளாறுகளை மேற்பார்வையின்றிச் சரிசெய்து வந்தேன், தாங்கள் விளம்பரத்தில் கேட்டுள்ள பராமரிப்பு அனுபவம் எனக்கு இவ்வாறு கிட்டியது’ என்ற ஒரு வாக்கியத்துக்கு, பக்கம் நிறைந்த பணிவுமொழிகள் ஈடாகா.

ஆகவே, எழுத உட்காருமுன் விளம்பரத்தைச் சிரத்தையாகப் படித்து, அதில் பிரதானமாகக் கேட்டிருக்கும் இரண்டு மூன்று தகுதிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தாம் செய்த காரியம் ஒன்றைக் காட்டுவதே உத்தமம். எஸ்.பி.எம். பெறுபேறுகள் சுயவிவரத்தில் இருப்பதால் அவற்றைத் திரும்ப ஒப்பிக்க வேண்டியதில்லை. மலாய்மொழியில் எழுதுவோர், துவான் அல்லது புவான் என்று விளித்து, அதன்கீழ் பதவியின் பெயரைத் தலைப்பாக இடுவது சம்பிரதாயம். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பழைய கடிதத்தைப் பிரதி எடுக்கும்போது வேறொரு ஸ்தாபனத்தின் பெயர் அப்படியே நின்றுவிட்டால், மற்ற சிறப்புகள் யாவும் வீண்.

கடைசிப் பத்தியில், ஷிப்ட் வேலைக்குச் சம்மதமா, தோட்டத்திலிருந்து வந்துபோக மோட்டார்சைக்கிளும் லைசன்சும் உண்டா, எந்தத் தேதியிலிருந்து பணியேற்க இயலும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் கைப்பேசி அலை சரியாகக் கிடைக்காதாயின், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தவறிப்போகாதபடி, பட்டணத்தில் இருக்கும் உறவினர் ஒருவருடைய எண்ணையும், அவரது சம்மதத்தோடு, சேர்த்தெழுதுவது நலம்.