ஸ்விப்ட் காருக்கு பெரிய வீல் மாட்டப் போறீங்களா? முதலில் இந்த கணக்கைப் பாருங்க!

கோவை,

கடன் வாங்கியாவது ஒரு பழைய ஸ்விப்ட் காரை வாங்கிவிட வேண்டும் என்பது கோவை இளைஞர்கள் பலரின் ஆசை. கார் கைக்கு வந்த சில மாதத்திலேயே அடுத்த ஆசை வந்து விடுகிறது. அதுதான் 'அலாய் வீல்'.

செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' ரேஸ் மைதானம் இருக்கும் ஊர். பார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர். காருக்கு ஸ்டைல் பண்ணிப் பார்க்கும் ஆசைக்கு கேட்கவா வேண்டும்? டயர் கடைக்கு போனதும் "அண்ணா, 17 இஞ்சு போட்டு விடுங்க" என்பதுதான் முதல் பேச்சு.

சீட்டுப் பணத்தை எடுத்து மாட்டிய வீல், மழைக்காலத்தில் ஒரே குழியில் இறங்கி விரிசல் விட்டால் என்ன ஆகும்? பின் சீட்டில் மூன்று பேர் ஏறினதும் டயர் மட்கார்டில் 'கரகர'வென்று உரசினால்? பணம் போவது ஒருபக்கம். பைபாஸ் ரோட்டில் 90-ல் போகும்போது டயர் வெடித்தால் உள்ளே இருப்பது நம்ம குடும்பம்தான்.

பெரிய வீல் போடவே கூடாது என்பதில்லை. எந்த அளவு என்பதுதான் விஷயம். அதன் விவரம் வருமாறு:-

டயரில் எழுதியிருப்பது என்ன?

ஸ்விப்ட் காரின் குறைந்த விலை மாடலில் வரும் டயரில் '165/80 ஆர் 14' என்று இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது டயரின் பக்கச்சுவர் உயரம். இது மில்லி மீட்டர் இல்லை. அகலத்தில் 80 சதவீதம் என்று அர்த்தம். அதாவது 132 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில்.

ரிம் 14 இஞ்சு என்றால் 355.6 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். இரண்டும் சேர்த்து 264. எல்லாம் கூட்டினால் 619.6 மி.மீ. இதுதான் தரையில் நிற்கும் டயரின் மொத்த உயரம்.

விலை கூடிய மாடலில் '185/65 ஆர் 15' வருகிறது. இதையும் அதே மாதிரி கணக்கு போட்டால் 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மில்லி கூட இல்லை! ரிம் ஒரு இஞ்சு பெரிதாகி இருக்கிறது, டயரின் பக்கச்சுவர் அதற்கு ஈடாக குறைந்து இருக்கிறது. மொத்த உயரம் அப்படியே இருக்கிறது. கம்பெனிக்காரனே போட்டுக் காட்டிய கணக்கு இது. நாம் எந்த வீல் போட்டாலும் இந்த 620-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். மேலே கீழே 3 சதவீதம் வரை போகலாம் என்பது டயர் தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. 2 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது.

மீறினால் என்ன? 15 இஞ்சு அலாய் கிடைத்தது, டயர் சல்லிசாக வந்தது என்று '185/55 ஆர் 15' போட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். மொத்த உயரம் 584.5 தான். கார் பதினேழரை மில்லி தரையை நோக்கி இறங்கி விடும். நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டும். ஸ்பீடாமீட்டரில் 60 காட்டும்போது கார் உண்மையில் 56, 57-ல்தான் போகும். ஓடாத கிலோ மீட்டரும் கணக்கில் ஏறும். பழைய கார் விற்கும்போது அதுவும் நஷ்டம்தானே!

பெரிதாகப் போட்டால் தலைகீழ். மீட்டர் குறைவாகக் காட்டும், கார் அதற்கு மேல் போய்க்கொண்டு இருக்கும். அதோடு ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் உள்ளே உரசும். '205/55 ஆர் 16' போட்டால் வரும் உயரம் 632. சதவீதக் கணக்கில் பாஸ். ஆனால் அகலமும் கூடி உயரமும் கூடியதால் ஸ்விப்டின் வீல் இடத்தில் நெருக்கம்தான்.

எது சரியாக வரும்?

16 இஞ்சு ஆசை இருந்தால் '195/55 ஆர் 16'. மொத்த உயரம் 620.9 மி.மீ. அச்சு அசலாக பொருந்துகிறது. மாருதியின் பலேனோவிலேயே இந்த அளவு வந்திருப்பதால் டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். நடுரோட்டில் டயர் போனால் அளவு தேடி அலைய வேண்டாம்.

17 இஞ்சுக்கு '205/45 ஆர் 17'. உயரம் 616.3. கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது. அப்புறம் ஏன் அனுபவப்பட்ட டயர்காரர்கள் தலையை ஆட்டுகிறார்கள்?

பக்கச்சுவரைப் பாருங்கள். 14 இஞ்சு டயரில் 132 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்தது. 15-ல் 120. 16-ல் 107. 17-ல் 92 தான். குழியில் இறங்கும்போது அடியை வாங்குவது ஷாக் அப்சர்பர் மட்டும் இல்லை, முதல் அடி வாங்குவது இந்த பக்கச்சுவர்தான். அது நசுங்கிக் கொடுத்தால்தான் ரிம் தப்பிக்கும். 4 சென்டி மீட்டரை வெட்டி எடுத்து விட்டு, குழாய் பதிக்க தோண்டி அரைகுறையாக மூடின ரோட்டில் ஓட்டினால், அடி நேராக ரிம்மில் விழும். இரும்பு டிஸ்க் என்றால் வளையும், சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அதை நம்பி பைபாசில் போகக் கூடாது.

பக்கச்சுவர் குறைந்தால் வளைவில் கார் அலைபாயாமல் 'சிக்'கென்று திரும்பும் என்பது உண்மை. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் அதற்கு 15 அல்லது 16 போதும். 17 போட்டால் பெரும்பாலும் வீலும் டயரும் கனமாகும். 1.2 லிட்டர் எஞ்சின் அதையும் சேர்த்து சுழற்ற வேண்டும். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், மாற்று டயரின் விலையும் கூடும். ரேஸ் கார் மாதிரி ஆக்கப் போய் கார் மந்தமாகி விடும் கூத்து இது.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 14 இஞ்சு பழைய டிஸ்க்கை மாற்றாமலே '185/70 ஆர் 14' டயர் போடலாம். உயரம் 614.6. 2005-ல் ஸ்விப்ட் முதன்முதலில் வந்தபோது விலை கூடிய மாடலுக்கு கம்பெனி கொடுத்த அளவே இதுதான். ரோடு பிடிப்பு கூடும், செலவு டயரோடு முடியும். அதற்கு மேல் ஆசைப்பட்டு அதே 5 இஞ்சு அகல டிஸ்க்கில் 195 டயரைத் திணித்தால், டயர் பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும். வளைவில் கார் ஆடும்.

நட்டு ஏறினால் மட்டும் போதாது

டயர் அளவில் ஏமாறுகிறவர்களை விட வீல் பொருத்தத்தில் ஏமாறுகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். காரணம், தப்பு வெளியில் தெரியாது.

ஸ்விப்டுக்கு வீல் நட்டு 4. நான்கும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. கடையில் '4x100' என்று சொல்வார்கள். பழைய பியட் புன்டோ வீல் 4x98. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஸ்விப்டில் மாட்டிப் பார்த்தால் ஏறிக்கூட விடும். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் 1 மி.மீ. தள்ளி இருப்பதால் நட்டு கோணலாக உட்காரும். முறுக்கினால் டைட் ஆனது போல காட்டும். ஓட ஓட தளரும். வீல் கழன்று ஓடுவது இப்படித்தான். போர்டு பிகோவின் வீல் 4x108. அது ஏறவே ஏறாது, அதனால் தொல்லை இல்லை.

அடுத்தது நட்டு. ஸ்விப்டின் நட்டு 12 மி.மீ., அதில் மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா கார்களில் மரை இடைவெளி 1.5. கடையில் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். மாற்றி முறுக்கினால் ஸ்டட்டின் மரை போய்விடும். முதல் நாலு சுற்று கையாலேயே சுலபமாக ஏறுகிறதா என்று பாருங்கள். எடுத்ததுமே ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஏற்ற விடக் கூடாது.

வீலின் நடு ஓட்டையும் முக்கியம். ஸ்விப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளி மார்க்கெட் அலாய்களில் எல்லா காருக்கும் ஆகட்டும் என்று ஓட்டையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். இடைவெளியை அடைக்க 'ஹப் ரிங்' என்று ஒரு வளையம் உண்டு. விலை அதிகமில்லை. அது போடாமல் விட்டால், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் 80-க்கு மேல் ஸ்டீரிங் நடுங்கலாம்.

இன்னும் ஒன்று, 'ஆப்செட்'. வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்ற அளவு. எண் குறைந்தால் வீல் வெளியே வரும். உதாரணத்துக்கு, பழைய வீல் 5.5 இஞ்சு அகலம், ஆப்செட் 45. புது வீல் 6.5 இஞ்சு, ஆப்செட் 38. ஒரு இஞ்சு அகலம் கூடியதில் பாதி, அதாவது 12.7 மி.மீ. வெளியே வரும். ஆப்செட் குறைந்ததில் இன்னும் 7 மி.மீ. மொத்தம் கிட்டத்தட்ட 2 சென்டி மீட்டர் வீல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க கெத்துதான். வீல் பேரிங்குக்கு சுமை கூடும், மட்கார்டு தாண்டி சேறு அடிக்கும், ஆள் ஏறினால் உரசும். உரசுது என்று சொன்னால் சிலர் மட்கார்டு உதட்டை அடித்து மடக்கித் தருகிறார்கள். அங்கே பெயிண்ட் வெடித்து துரு பிடிக்கும். தப்பு வீலில் இருக்கும்போது காரை அடித்து என்ன பிரயோஜனம்?

பலேனோவின் வீலும் 4x100, நடு ஓட்டையும் 54.1. எனவே புது காரில் இருந்து கழற்றி விற்ற 16 இஞ்சு பலேனோ அலாய் நல்ல நிலையில் கிடைத்தால், பெயர் தெரியாத புது வீலை விட அது மேல். வாங்கும் முன்பு பேலன்சிங் மெஷினில் சுற்ற விட்டு வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை கிலோ தாங்கும்?

அளவுக்கு பின்னால் டயரில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். யாரும் கவனிப்பதில்லை. எண் 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 88 என்றால் 560. ஸ்விப்டின் 14 இஞ்சு டயருக்கு 85, எனவே 195/55 ஆர் 16-ல் வரும் 87 தாராளம். 205/45 ஆர் 17-ல் 84 என்றும் ஒரு ரகம் உண்டு. அது 500 கிலோதான். குடும்பத்தோடு பழனிக்கு லக்கேஜ் ஏற்றிப் போகிற காருக்கு அதை வாங்கக் கூடாது. எழுத்து வேகத்தைக் குறிப்பது. 'எஸ்' 180, 'டி' 190, 'எச்' 210 கிலோ மீட்டர். யாரும் அந்த வேகம் போகப் போவதில்லை. ஆனாலும் பழைய எழுத்தை விட கீழே இறங்க வேண்டாம்.

தயாரித்த தேதி நான்கு எண்ணாக இருக்கும். '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். 'புது டயர்தான் அண்ணா' என்று கடையில் மூன்று வருடம் கிடந்ததை தள்ளி விடலாம். பார்த்து வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்கு கம்பெனியே தருகிற 185/65 ஆர் 15-க்கு மாறினால் வில்லங்கம் குறைவு. எதை மாட்டினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து விடுவது நல்லது. விபத்து நடந்த பிறகு பேச்சு வரக் கூடாது.

மாட்டிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, வேகத்தடையில் இறக்கி உரசுகிறதா என்று பார்த்து விட்டுத்தான் பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். 50, 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டைட் செய்வது கட்டாயம்.

ஸ்டெப்னி பழைய இரும்பு டிஸ்க்காகவே இருக்கும். அலாய்க்கு தனி நட்டு வாங்கி இருந்தால் அந்த நட்டு இரும்பு டிஸ்க்குக்கு சேராமல் போகலாம். எனவே பழைய நட்டு நான்கை டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்குகளையும் எடைக்கு போட்டு விடாதீர்கள். கார் விற்கும்போது "ஒரிஜினல் வீல் எங்கே?" என்று கேட்பார்கள்.