ஒரு அவுன்ஸ் கூடினால் ஆட்டம் கூடுமா?

ஸ்னூக்கர் நமக்கு அந்நியமான ஆட்டம் அல்ல. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த இந்த ஆட்டத்துக்கு 1882இல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறு ஆள்.) 2025 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் பட்டத்தை வென்றார். இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, பார்லரில் பொதுவாகக் கிடக்கும் வளைந்த கியூக்களை (பந்தை அடிக்கும் கோல்களை) விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர் முன்னால் முதலில் வந்து நிற்கும் கேள்வி எடைதான். ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் இருப்பவருக்கு இது இன்னும் சிக்கல். கையில் தூக்கிப் பார்க்க வழியில்லாமல் ஆன்லைனில் 17, 18, 19 அவுன்ஸ் என்று வரிசையாக நிற்கும் எண்களில் ஒன்றைத் தொட வேண்டும். அந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதன் தகுதிக்கு மிகவும் அதிகம் என்பதே என் வாதம்.

ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். கடைகளில் விற்கும் ஸ்னூக்கர் கியூக்களில் பெரும்பாலானவை 16 முதல் 20 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 450 முதல் 570 கிராமுக்குள் அடங்கிவிடும். கனமான கியூ பந்தை வேகமாக ஓட்டும் என்பது பார்லர் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பந்து ஏறத்தாழ 140 கிராம். கியூ வரும் வேகம் மாறாமல் இருந்தால், பந்து பெறும் வேகம் கியூவின் எடையை கியூ, பந்து இரண்டின் மொத்த எடையால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. 17 அவுன்ஸ் கியூவுக்கு அது 0.775, 19 அவுன்ஸுக்கு 0.794. வித்தியாசம் இரண்டரை சதவீதம் கூட இல்லை. அதுவும் கை அதே வேகத்தில் வீசினால்தான். கனம் கூடினால் கை கொஞ்சம் தாமதிக்கும், கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். 70 கிலோ எடையுள்ளவரின் முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒன்றரை கிலோ இருக்கும். கியூவோடு சேர்ந்து அசைவது அந்த ஒன்றரை கிலோவும்தான். அதன் பக்கத்தில் இரண்டு அவுன்ஸ் ஒரு பொருட்டே அல்ல. பந்து வேகமாக ஓட வேண்டுமென்றால் கியூவை இன்னும் இரண்டு விரற்கடை பின்னால் இழுத்து அடித்தால் போதும்.

எடையை விட முக்கியம், அந்த எடை கியூவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் மொத்த எடையை மட்டும் நம்புவதில்லை, முதுகையும் இடுப்பையும் அமுக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவார். கியூவும் அப்படித்தான். ஆஷ் அல்லது மேப்பிள் மரத்தண்டு லேசானது. பின்பக்கம் ஒட்டும் கருங்காலி வகை மரம் கனமானது. போதாததற்கு உள்ளே ஈயத்துண்டு வைப்பதும் உண்டு. ஒரு விரல்மீது கியூவைக் கிடத்தினால் அது சாயாமல் நிற்கும் இடம் பெரும்பாலும் பின்முனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்தில் வரும். 500 கிராம் கியூவில் அந்த இடம் 17 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்முனையை ஒட்டி ஒரே ஒரு அவுன்ஸ் ஈயம் சேர்த்தால் அது முக்கால் அங்குலத்துக்கும் மேல் பின்னால் நகர்ந்துவிடும். கனம் கூடியதைக் கை கண்டுகொள்ளாமல் போகலாம்; முன்பக்கம் லேசாகி, மேஜையில் ஊன்றிய இடது கைப் பாலத்தின் மேல் கியூ மிதப்பது போல் ஆனதைக் கண்டுகொள்ளாமல் இராது. இதையே திருப்பிப் பாருங்கள்: முன்பாரம் அதிகமான கியூ கையில் 19 அவுன்ஸ் போலத் தோன்றும், தராசு 17 என்று காட்டும். பந்தின் நடுவை விட்டு ஓரமாக, அதாவது சைடு வைத்து, அடிக்கும்போது வெள்ளைப் பந்து கோடு விலகுவதற்கும் மொத்த எடை காரணமல்ல. கியூ நுனியிலுள்ள டிப்பும் பந்தும் தொட்டிருப்பது ஆயிரத்தில் ஓரிரு பங்கு வினாடிதான். அதற்குள் பக்கவாட்டில் அசைய நேரம் கிடைப்பது கியூவின் முன்முனைக்கு மட்டுமே. ஆகவே அங்கே எவ்வளவு மரமும் டிப்பைத் தாங்கும் ஃபெரூல் உலோகமும் இருக்கிறது என்பதே விலகலைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. கனமான கியூ நேராகப் போகிறது என்று பலர் அனுபவத்தில் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது: கனம் கூடக்கூட, கையின் சின்ன நடுக்கம் கியூவை அசைப்பது குறையும். ஆனால் அதே கனம், பந்தைத் தொட்டும் தொடாமலும் நகர்த்த வேண்டிய அடிகளில் வேண்டாத உந்துதலாக மாறும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய துணியில் பந்து சோம்பலாக ஓடுகிறதே, அப்போது கனம் வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. அந்த இரண்டரை சதவீதம் ஈரத் துணிக்கு எந்த மூலைக்கு? மூன்றாவது மறுப்பைத்தான் நான் முழுதாக ஏற்கிறேன்: சிறுவர் சிறுமியர் விஷயம். 40 கிலோ எடையுள்ள பிள்ளையின் முன்கையும் உள்ளங்கையும் ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்தக் கையில் அரைக் கிலோ கியூவைக் கொடுப்பது வேறு கதை. வளர்ந்த பிறகும் உதவும் என்று கணக்குப் பண்ணிப் பெரியவர்களுக்கான 57 அங்குலக் கியூவை வாங்கித் தரும் பெற்றோர், பிள்ளைக்குத் தோளை இறுக்கிப்பிடித்து அடிக்கும் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே வாங்கித் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு நீளமும் எடையும் குறைந்ததுதான் வேண்டும்.

எடை அவ்வளவு முக்கியமில்லை என்பதற்கு ஸ்டீபன் ஹென்ட்ரி நல்ல சாட்சி. சிறுவயதில் வாங்கிய மலிவான ஒரு கியூவை வைத்தே 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்களை வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடையும்வரை அதை விடவில்லை. அந்தக் கியூவில் மந்திரம் எதுவும் இல்லை, அதற்குப் பழகிய கைதான் எல்லாம். மாதம் ஒருமுறை ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவே வாய்க்காது. விதிகளும் இதில் தலையிடுவதில்லை: ஸ்னூக்கர் கியூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்கிறார்களே தவிர, எடைக்கு வரம்பு வைக்கவில்லை.

ஆக, பெரியவர்கள் 17க்கும் பதினெட்டரைக்கும் இடையில் எதை எடுத்தாலும் தவறில்லை. வந்து சேர்ந்ததும் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள், எழுதியிருக்கும் எண்ணும் உண்மை எடையும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். பிறகு மேஜையில் பிரவுன் பந்தின் இடத்தில் வெள்ளையை வைத்து, நீலம், பிங்க், கருப்பு இடங்களின் மேலாக நேரே அடியுங்கள். எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பும் பந்து டிப்புக்கே வருகிறதா என்று பல நாள் பாருங்கள். மூன்று மாதம் ஆடியும் அது வரவில்லை என்றால் கியூவை மாற்றாதீர்கள், நிற்கும் நிலையை மாற்றுங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்முனையிலிருந்து எத்தனை அங்குலத்தில் கியூ சமனாக நிற்கிறது? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.