பாலைநில மிதிவண்டிப் பயணம்

பாலைநில மிதிவண்டிப் பயணம் என்பது, தார்ச்சாலை இல்லாத வறண்ட நிலங்களின் ஊடே, உணவு, நீர், படுக்கை, பழுதுநீக்கும் கருவிகள் ஆகியவற்றை வண்டியிலேயே சுமந்துகொண்டு பல நாட்கள் மிதிவண்டியில் செல்வதாகும். மலைப்பாதைப் பயணத்தில் ஏற்றமும், நெடுஞ்சாலைப் பயணத்தில் தூரமும் முதன்மையானவை. பாலைநிலத்தில் அடுத்த குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதே முதல் கேள்வி. வண்டியில் ஏற்றும் சுமை, டயரின் அகலம், புறப்படும் மாதம், ஒரு நாளில் கடக்கும் தூரம் ஆகிய அனைத்தும் அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

பாலை நிலங்கள்

ஆண்டு மழை ஏறத்தாழ 250 மி.மீ.க்குக் குறைவாக உள்ள நிலப்பகுதிகளைப் புவியியலாளர்கள் பொதுவாகப் பாலைவனம் என்பர். இந்தியாவில் ராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் பரவியுள்ள தார் பாலைவனம், அதன் தெற்கே குஜராத்தில் உள்ள கட்ச் உப்புச் சமவெளி, இமயமலைக்கு வடக்கே லடாக், ஸ்பிதி ஆகிய குளிர்ப் பாலைகள் ஆகியவை குறிப்பிடத்தக்க வறண்ட நிலங்கள்.

தமிழ் மரபு பாலையை வேறு விதமாகப் பார்த்தது. ஐந்திணைகளுள் பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. பொருள் தேடிச் செல்பவர் கடக்க வேண்டிய, நீரற்ற வழியாகவே சங்கப் பாடல்களில் பாலை இடம்பெறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு மழையளவின்படி பாலைவனம் அன்று. எனினும் மணற்குன்றுகளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பாலைக்கு மிக நெருங்கிய நிலம் அதுவே.

வரலாறு

பாலைநிலத்தில் மிதிவண்டி முதலில் பொழுதுபோக்காக அல்லாமல் தொழிலுக்காகவே பயன்பட்டது. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கங்கள் தோன்றியபோது, சுரங்க ஊர்களுக்கிடையே கடிதங்களையும் செய்திகளையும் மிதிவண்டி வீரர்கள் கொண்டுசென்றனர். குதிரைக்குத் தீவனமும் நீரும் வேண்டும். மிதிவண்டிக்கு இரண்டும் தேவையில்லை. அன்றைய பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் சென்ற ஒட்டகக்காரர்களின் ஒட்டகங்கள் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடித் தடங்களே இவர்களுக்குப் பாதைகளாயின. 1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் கூல்கார்டியிலிருந்து நல்லர்போர் சமவெளியைக் கடந்து 31 நாட்களில் அடிலெய்டை அடைந்தார். அவர் தந்திக் கம்பிகள் சென்ற வழியையே பின்பற்றினார்.

இந்தியர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள் பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர்கள். 1923 அக்டோபரில் ஆறு பேர் மிதிவண்டிகளில் உலகப் பயணம் புறப்பட்டனர். பாரசீகத்தைக் கடந்து பாக்தாத்தை அடைந்த இக்குழுவினர், அங்கிருந்து அலெப்போ வரையிலான சுமார் 950 கி.மீ. பாலைவழியையும் கடந்தனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே பயணத்தை முடித்து 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினர். தங்கள் அனுபவங்களை 1931இல் ஆங்கில நூலாகவும் வெளியிட்டனர்.

ஆஸ்திரேலியாவின் கேனிங் கால்நடைப் பாதை இன்று இவ்வகைப் பயணங்களில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சுமார் 1,850 கி.மீ. நீளமுள்ள இப்பாதை நூற்றுக்கணக்கான மணற்குன்றுகளைக் கடந்து செல்கிறது. 2005இல் யாகுப் போஸ்ட்ஷிகாச் என்பவர் தடித்த டயர் பொருத்திய மிதிவண்டியுடன், உணவு முழுவதையும் ஓர் இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வாகன உதவியின்றி இதைக் கடந்தார். வழியில் உள்ள பழைய கிணறுகளே அவருக்கு நீர் தந்தன.

நீர்க் கணக்கு

வெப்பமான வறண்ட நிலத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையும், சிலவேளை அதற்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும்.

இரு நீர்நிலைகளுக்கு இடையே 90 கி.மீ. தூரம் உள்ளதாகக் கொள்வோம். தரை இறுகியிருந்தால் அதை ஒரே நாளில் கடக்கலாம். அந்த நாளுக்கு 8 லிட்டர், தடங்கல் ஏற்பட்டால் இன்னொரு நாளுக்கு 8 லிட்டர் என 16 லிட்டர் போதும். அதே தூரம் மணலாக இருந்து நாளொன்றுக்கு 30 கி.மீ. மட்டுமே செல்ல முடிந்தால், மூன்று நாட்களுக்கு 24 லிட்டரும் ஒரு நாள் கையிருப்பாக 8 லிட்டரும் சேர்த்து 32 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. சுமை 32 கிலோ கூடினால் சக்கரம் மணலில் மேலும் புதையும், வேகம் குறையும், வேகம் குறைந்தால் நாட்கள் கூடும், நாட்கள் கூடினால் மேலும் நீர் தேவைப்படும். பாலைநிலப் பயணங்கள் பெரும்பாலும் இந்தச் சுழலில் சிக்கியே கைவிடப்படுகின்றன. கால்வலு குறைவது அதற்கு அடுத்த காரணமே.

கடற்கரை நகரங்களில் பழகியவர்கள் வறண்ட வெப்பத்தைத் தவறாகக் கணிப்பதுண்டு. சென்னை அசோக் நகரில் காலையில் அரை மணி நேரம் மிதித்தாலே சட்டை நனைந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்குவதே இதற்குக் காரணம். ஜெய்சல்மேரின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருப்பதால் நீர் இழப்பை உணர முடியாது. சட்டையில் படியும் வெள்ளை உப்புக் கோடும், சிறுநீரின் அடர்மஞ்சள் நிறமும் மட்டுமே அதைக் காட்டும்.

வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை ஏற்படலாம். உப்பிட்ட கஞ்சி, மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீரிழப்பு உப்புக் கரைசல் ஆகியவை இதைத் தடுக்க உதவும்.

மணலும் டயரும்

மணலில் சக்கரம் புதைவதற்குக் காரணம், வண்டியின் எடை முழுவதும் மிகச் சிறிய பரப்பில் இறங்குவதாகும். டயர் தரையில் செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். எனவே காற்றழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

சாலை மிதிவண்டியின் மெல்லிய டயரில் அழுத்தத்தை இந்த அளவுக்குக் குறைக்க முடியாது. குறைத்தால் சக்கர விளிம்பு தரையில் மோதிச் சேதமடையும். மலை மிதிவண்டிகளின் 2 அங்குலத்துக்கு மேற்பட்ட டயர்கள் இறுகிய மண்பாதைக்கும் மெல்லிய மணலுக்கும் ஏற்றவை. 4 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள தடித்த டயர்கள் ஆழமான மணலுக்கானவை. எனினும் இவை எடை மிகுந்தவை. தார்ச்சாலையில் மெதுவாகவே செல்லும். பாதையில் மணல் எவ்வளவு, சாலை எவ்வளவு என்பதை அறிந்தே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணலின் தன்மை இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். குன்றின் காற்று வீசும் பக்கம் ஓரளவு இறுகியும், மறுபக்கம் தளர்ந்து சரிவாகவும் இருக்கும். குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வான தரையே செல்வதற்கு எளிது. பனி இறங்கிய அதிகாலையில் மணலின் மேற்பரப்பு சற்று இறுகியிருக்கும். இதனாலும் வெப்பத்தைத் தவிர்க்கவும் விடியலில் புறப்பட்டு, நண்பகலில் நிழலில் தங்கி, மாலையில் மீண்டும் செல்வது வழக்கம்.

சங்கிலியில் எண்ணெய் மிகுதியாக இருந்தால் மணல் ஒட்டி, பற்சக்கரங்கள் தேய்ந்துவிடும். அதனால் உலர்வகை மசகுப் பொருளே பயன்படுத்தப்படுகிறது. முட்கள் இன்னொரு தொல்லை. நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் உள்ள நிலத்தில் ஒரே நாளில் பலமுறை டியூப் பஞ்சராகலாம். டியூப் இல்லாமல், துளையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிய டயர்களைப் பலர் இதனாலேயே விரும்புகின்றனர்.

இந்தியப் பாதைகள்

தார்: நவம்பர் முதல் பிப்ரவரி வரையே பயணத்துக்கு ஏற்ற காலம். கோடையில் இங்கு நிலவும் வெப்பம் உயிருக்கு ஆபத்தானது. 2016 மே மாதம் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜெய்சல்மேரிலிருந்து சாம், கூரி ஆகிய மணற்குன்றுப் பகுதிகளுக்குச் சாலை உண்டு. அவற்றைத் தாண்டிய சிற்றூர்களை மணல் தடங்கள் இணைக்கின்றன. இப்பகுதியில் நிழல் தரும் முதன்மையான மரம், தமிழ்நாட்டுக் கோயில்களில் தலமரமாக வளர்க்கப்படும் வன்னி. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு முன் அனுமதி வேண்டும்.

கட்ச்: உப்புச் சமவெளி மிதிவண்டிக்கு எளிதான தளம் போலத் தோன்றும். ஆனால் வெண்மையான மேலோட்டின் அடியில் சேறு இருக்கக்கூடும். மழைக்காலத்தில் பெரும்பகுதி நீரில் மூழ்கும். மரமோ மேடோ இல்லாததால் திசை அறிவது கடினம். கானல்நீர் தூரத்தைத் தவறாகக் காட்டும். நிலத்தடி நீர் கடும் உப்பாக இருப்பதால் குடிக்க இயலாது. சிறிய கட்ச் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்களுக்கும் குடிநீர் வெளியிலிருந்தே வருகிறது.

லடாக்: இங்கு வெப்பத்தைவிட உயரமே சிக்கல். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயிர்வளிக் குறைவுக்கு உடல் பழகச் சில நாட்கள் தங்கிய பின்னரே பயணத்தைத் தொடங்க வேண்டும். மணாலி–லே வழியில் உள்ள மோரே சமவெளி போன்ற இடங்களில் நெடுந்தூரத்துக்கு ஊர்களே இல்லை.

தேரிக்காடு

தமிழ்நாட்டில் மணற்பயணம் பழக விரும்புவோருக்கு ஏற்றது, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரவியுள்ள குதிரைமொழித் தேரி. மணல் துகள்களின் மீது படிந்துள்ள இரும்பு ஆக்சைடே இதன் செந்நிறத்துக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது மணல் இடம்பெயரும். அக்காலத்தில் முந்தைய நாளின் தடம்கூட மறைந்துவிடும். குடைவேல், முந்திரி, பனை ஆகியவை இங்கு வளர்கின்றன. ஊர்கள் சில கி.மீ. தொலைவிலேயே இருப்பதால், டயர் அழுத்தம், சுமை ஏற்றும் முறை, நீர்த்தேவை ஆகியவற்றை ஆபத்தின்றிச் சோதித்துப் பார்க்கலாம். காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. சென்னை எழும்பூரிலிருந்து திருச்செந்தூருக்குத் தொடர்வண்டி உண்டு.

மேலப்புதுக்குடியில் தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் உள்ளது. மணற்காட்டில் ஒரு சுனையைக் காப்பதே தெய்வத்தின் பெயராக அமைந்திருப்பது, இந்நிலத்து மக்கள் நீரை எவ்வாறு மதித்தனர் என்பதைக் காட்டுகிறது.

பாதுகாப்பு

பயண வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துச் செல்வது அடிப்படை விதி. குறித்த நாளில் தகவல் வராவிட்டால் தேடுதல் எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். நீரை ஒரே கலனில் வைக்காமல் பல கலன்களில் பிரித்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். கையிருப்பு நீரில் பாதி தீரும் முன் அடுத்த நீர்நிலை உறுதியாகாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். பேச்சில் குழப்பம், தள்ளாட்டம், உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் உயர்தல் ஆகியவை வெப்ப வாதத்தின் அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, காற்று வீசிக் குளிர்விக்க வேண்டும். இந்தியாவில் உரிமம் இன்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றமாகும். வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்து அதை எடுத்துச் செல்லக் கூடாது.

நீரும் உரிமையும்

பாலைநிலத்தில் உரிமையாளர் இல்லாத நீர் அரிது. ராஜஸ்தானில் மழைநீரைச் சேமிக்கும் டாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டி, ஒரு குடும்பத்தின் அல்லது ஊரின் ஆண்டுத் தேவைக்கானது. கேட்காமல் அதில் நீர் எடுப்பது அவர்களின் கோடைக்காலக் குடிநீரை எடுப்பதற்குச் சமம். கேனிங் பாதையின் வரலாறு இதைக் கடுமையாக உணர்த்துகிறது. 1906–07இல் அப்பாதையை அளந்த ஆல்பிரட் கேனிங்கின் குழு, பழங்குடி மக்களைச் சங்கிலியால் பிணைத்து, அவர்களது நீர்நிலைகளைக் காட்டுமாறு கட்டாயப்படுத்தியது. 1908இல் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டும் கேனிங் குற்றமற்றவர் என்றே முடிவானது. அவ்வாறு அறிந்த நீர்நிலைகள் பலவற்றின் மீதே கிணறுகள் தோண்டப்பட்டன. இன்று அப்பாதையில் செல்வோர் அந்நிலத்தின் மரபுவழி உரிமையாளர்களிடம் அனுமதி பெற வேண்டும்.

தார் பகுதியில் ஆடு மேய்ப்பவர்களும் ஒட்டகம் வளர்ப்பவர்களுமே எந்தக் கிணற்றில் இந்த மாதம் நீர் உள்ளது, எது உப்பாகிவிட்டது என்பதை அறிவர். அச்சிட்ட வரைபடமோ கைபேசி வரைபடமோ இதைச் சொல்வதில்லை. எனவே ஒவ்வொரு ஊரிலும் நின்று, அடுத்த நீரைக் கேட்டறிந்து, கொடுத்ததை மட்டும் நிரப்பிக்கொண்டு செல்வது பாலைநிலப் பயணத்தின் நாகரிகமாகவும் முதன்மையான பாதுகாப்பாகவும் கருதப்படுகிறது.