ஆயிரத்தோடு நின்ற ஃபாண்ட்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வருகிறது குள்ளஞ்சாவடி. அங்கிருந்து வடலூர், நெய்வேலி வரை சாலையோரத்து டி.டி.பி. கடைகளுக்கு வரும் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான். தை, ஆவணி முகூர்த்தங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, என்.எல்.சி.யில் ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்துமடல், வடலூர் தைப்பூசத்துக்கு அன்னதான நோட்டீஸ். மாறியிருப்பது கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் அது விண்டோஸ் 98. அதில் பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர். தமிழ் ஃபாண்ட் சி.டி. ஒன்றைப் போட்டால் நூற்றுக்கணக்கில் இறங்கும். "போன தடவ அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச எழுத்து மாதிரியே வேணும்ணே" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. கிடைத்த ஃபாண்டையெல்லாம் ஏற்றிக்கொண்டே போவார்கள்.

ஒரு கட்டத்தில் தகராறு ஆரம்பிக்கும். புதிதாக ஏற்றிய ஃபாண்ட் பேஜ்மேக்கர் பட்டியலில் வராது. ஃபோல்டரைத் திறந்தால் கோப்பு அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், நேற்றுவரை இருந்த ஃபாண்டுகளிலும் சில காணாமல் போகும். பாமினி ஃபாண்டில் அடித்த பத்திரிகையைத் திறந்தால் 'ழ்' இருந்த இடத்தில் ஆங்கிலத்தின் ஓ எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அந்தக் கால ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வரைந்து வைத்திருந்தன. ஃபாண்ட் போனால் தமிழும் போயிற்று.

வைரஸ் என்பார் ஒருவர். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்பார் இன்னொருவர். கடைசியில் ஃபார்மேட் அடிப்பார்கள். ஃபாண்டுகளைத் திரும்ப ஏற்றியதும் அதே கதை.

உண்மையான காரணம் டிஸ்க்கில் இல்லை. விண்டோஸ் 95, 98 இரண்டும் ஃபாண்ட் பட்டியலை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே இடத்தில் வைத்திருந்தன. அந்த இடத்துக்கு 64 கே.பி. வரைதான் அனுமதி, அதாவது 65,536 பைட். 16 பிட் காலத்துக் கணக்கு அது. ஒவ்வொரு ஃபாண்டின் பெயரும் கோப்புப் பெயரும் அதற்குள் அடங்க வேண்டும். சுமார் ஆயிரம் ஃபாண்டோடு இடம் தீர்ந்துவிடும். பெயர் நீளமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஃபாண்டுகளை விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்யாமல் வேறு டிரைவிலிருந்தே ஏற்றினால் நிலைமை மோசம். முழுப் பாதையும் பதிவாகி இடத்தைத் தின்னும். டிஸ்க்கை மிச்சம் பிடிக்க நினைத்து ஃபாண்ட் ஏற்றும்போது 'ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்' என்ற டிக்கை எடுத்துவிட்டவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதை எந்த எச்சரிக்கைப் பெட்டியும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

சாலையோரக் கடைக்காரர்கள் தாங்களாகவே தட்டித் தடவிக் கண்ட வைத்தியம் எளிமையானது. பாதி ஃபாண்டை ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, வேலைக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது ஏற்றுவது. வசதி உள்ளவர்கள் இதே வேலைக்கு அடோபி டைப் மேனேஜர் போட்டுக்கொண்டார்கள். இங்கிலீஷ் மேனுவலைப் படிக்காமலே இவ்வளவையும் பிடித்தவர்கள் இவர்கள். அந்த மூளைக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்ததும் அந்த 64 கே.பி. தொல்லை ஒழிந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. இன்று கடைக்கு வருகிறவர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் பெயர்களை அனுப்புகிறார். விண்டோஸுடன் வரும் நிர்மலா ஃபாண்டில் அது தமிழாகவே தெரிகிறது. பழைய நாளே நல்ல நாள் என்று இந்த விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வைத்தியத்தின் விளைவு இப்போது வருகிறது. பட்டியலைக் குறைக்க அன்று வெளியே எடுத்த ஃபாண்டுகளை எத்தனையோ பேர் அப்படியே அழித்துவிட்டார்கள். இருபது வருடத்து பேஜ்மேக்கர் கோப்புகள் கைவசம் இருக்கின்றன, அவற்றின் எழுத்து இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் உண்டு. எந்த ஃபாண்டின் குறியீட்டு முறை என்று தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. கோயில் மலர், ஊர்ச் சங்கத்து நினைவிதழ், இறந்துபோனவரின் கவிதைத் தொகுப்பு எல்லாம் அந்தக் கோப்புகளில் கிடக்கின்றன. பழைய ஃபாண்ட் சி.டி. எந்தக் கடையின் அலமாரியிலாவது இருந்தால், அது படிக்கிற நிலையில் இருக்கும்போதே பென் டிரைவில் எடுத்து, எந்தக் கோப்புக்கு எந்த ஃபாண்ட் என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். திறக்கிற கோப்புகளை இப்போதே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள்.